முதலில் வரக்கூடாத முடிவு: டிமென்ஷியா உள்ள ஒருவரின் வீட்டுப் பராமரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

"அம்மாவை ஹோம்ல சேர்த்துடலாமா சிஸ்டர்? இல்லன்னா ராத்திரி அசந்து தூங்கற மாதிரி ஏதாவது மாத்திரை இருக்கா?" இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றுதான் மகள் கேட்டார். முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புச் செவிலியாக எனக்குப் பழகிப்போன கேள்வி இது. பெரும்பாலும் குடும்பம் முழுதாகக் களைத்த பிறகுதான் இது வாயிலிருந்து வரும். ஒன்றுபோலவே இருந்த சில வீடுகளின் அனுபவத்தை ஒரே குடும்பமாகத் தொகுத்து இங்கே எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 76. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் பணி ஓய்வு வரை கணக்கு எழுதியவர். டிமென்ஷியா எனும் மறதிநோயில் ஒரு வகையான அல்சைமர் என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேச்சு வரும், ஆனால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். முகம் தெரியும், பெயர் வராது. குளிக்க, உடை மாற்ற, கழிப்பறைக்குப் போக ஆள் துணை வேண்டும். உடன் இருப்பவர் கணவர், வயது 81. மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார், வேலைக்குப் போகிறவர். மகன் தொலைவில் இருக்கிறார், தினமும் வீடியோ காலில் வருவார். பகலில் ஒரு பராமரிப்புப் பணியாளர் உண்டு. இரவில் கணவர் மட்டும்.

வீட்டார் சொன்ன குறைகள் இவை. குளிக்கக் கூட்டிப்போனால் அடிக்கிறார், கிள்ளுகிறார். பணத்தைப் பணியாளர் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவருகே போய் நிற்கிறார். அறை மூலையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். இரவில் தூக்கமில்லை. எல்லாமே கடைசி மூன்று மாதத்தில் மோசமானவை. கணவர், மகள், மகன், தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: "நோய் முத்திடுச்சு."

எனக்கு அந்த மூன்று மாதம்தான் உறுத்தியது. அல்சைமர் மெல்ல இறங்கும் நோய். போன வருடம் செய்ததை இந்த வருடம் செய்ய முடியவில்லை என்று சொல்லும்படியான வேகத்தில்தான் பொதுவாக இறங்கும். வாரக்கணக்கில் ஒருவர் சரிந்தால், மூளையில் நடக்கும் அந்த மெதுவான அழிவோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி, புதிதாகச் சேர்ந்த மருந்து, தலையில் பட்ட அடி என எதுவாகவும் இருக்கலாம். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்க் குழப்பநிலை, ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர்களுக்கு எளிதில் வரும். வந்தாலும் "அவங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற பேச்சில் அது மறைந்துபோகும். நோய் முற்றிவிட்டது என்பது மற்ற எல்லாவற்றையும் தேடிப் பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு. இந்த வீட்டில் அது முதலில் வந்திருந்தது.

மாத்திரை டப்பா

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் மேசையில் கொட்டச் சொன்னேன். இப்போது சாப்பிடுபவை, நிறுத்தியவை, சீட்டில்லாமல் வாங்கியவை, கணவருடைய மருந்துகள் உட்பட எல்லாம்தான். மருந்துச் சீட்டை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

டோனிபெசில் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. ஐந்து மாதம் முன்பு வரை அது 5 மில்லிகிராமாக இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. வேறொரு மருத்துவர் கொடுத்த ஆக்சிபியூட்டினின், சிறுநீரை அடக்க முடியாமல் போனதற்காக. ஜலதோஷத்துக்கு வாங்கி வைத்த குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரை, மூக்கு ஒழுகும் நாளெல்லாம் ஒன்று. கடைசியாக, கணவருடைய தூக்க மாத்திரை அட்டை. அதில் சில பாதியாக உடைக்கப்பட்டிருந்தன. மகள் உள்ளே போன நேரம் பார்த்து அவர் மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப முடியலைன்னா அவளுக்கும் பாதி குடுப்பேன்மா. அவகிட்ட சொல்லிடாத."

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு சங்கிலி தெரிந்தது. அல்சைமரில் அசிட்டைல்கோலின் என்ற மூளைவேதிப்பொருள் குறைகிறது. அது உடைந்துபோகாமல் காப்பதுதான் டோனிபெசிலின் வேலை. அதே அசிட்டைல்கோலின்தான் சிறுநீர்ப்பையையும் சுருங்கச் செய்கிறது. அதனால் டோஸ் கூடும்போது சிலருக்கு அவசரமாக வரும், போய்ச் சேருவதற்குள் உடை நனையும். இந்த அம்மாவுக்கு அதுதான் ஆனது. அதை டோனிபெசிலோடு யாரும் முடிச்சுப்போடவில்லை. புதுக் கோளாறு என்று வேறு மருத்துவரிடம் போனார்கள். அவர் கொடுத்த ஆக்சிபியூட்டினின் அசிட்டைல்கோலினைத் தடுக்கிற மருந்து, மூளைக்குள்ளும் போகும். ஒரு கால் ஆக்சிலரேட்டரிலும் ஒரு கால் பிரேக்கிலும் வைத்து வண்டி ஓட்டுவது போன்ற சிகிச்சை இது. போதாக்குறைக்கு அந்த ஜலதோஷ மாத்திரையும் அதே தடுப்பு வகைதான். வாய் வறண்டது, மலம் இறுகியது, குழப்பம் கூடியது, இல்லாத ஆட்கள் தெரிந்தார்கள். தூக்கம் கெட்டதும் கணவரின் பாதி மாத்திரை வந்தது. அதில் தள்ளாட்டமும் சேர்ந்துகொண்டது.

இது அபூர்வமான விபத்து இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முதியோரின் மருந்துப் பதிவுகளை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, டோனிபெசில் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதன்பின் சிறுநீர் அடக்கும் மருந்து எழுதப்படும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு நோயாக எண்ணி அடுத்த மருந்து எழுதுவது உலகம் முழுக்க நடக்கிறது. தனித்தனி அறையில் தனித்தனி மருத்துவரைப் பார்க்கும் முதியவருக்கு எல்லா மாத்திரையும் ஒன்றாகக் கண்ணில் படும் இடம் அவர் வீடுதான்.

கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று கேட்டேன். கணவருக்குத் தெரியவில்லை. மகள், "போறாங்கன்னுதான் நினைக்கிறேன்" என்றார். வாசல்படி அருகே நின்ற பணியாளர்தான் சொன்னார்: "ஒம்போது நாள் ஆச்சு அக்கா. நடுவுல தண்ணியா கொஞ்சம் வந்துச்சு. வயித்துப்போக்குன்னு நினைச்சு நீங்க பழம் குடுக்க வேணாம்னு சொல்லிட்டீங்க." இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீராக வழிவதை வயிற்றுப்போக்கு என்று எண்ணுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் ஒன்று. அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை.

தேதிவாரியாக ஒரு பக்கத்தில் இதையெல்லாம் எழுதி அம்மாவின் மருத்துவருக்கு அனுப்பினோம். அவர் ஆக்சிபியூட்டினினையும் ஜலதோஷ மாத்திரையையும் நிறுத்தினார். டோனிபெசிலை 5 மில்லிகிராமுக்குக் குறைத்து, காலையில் கொடுக்கச் சொன்னார். இரவில் சாப்பிட்டால் சிலருக்குப் பயமுறுத்தும் கனவுகள் வரும் என்பதால்தான் இந்த மாற்றம். எனிமா கொடுத்து, பிறகு மலமிளக்கி. ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் கிருமி வந்தது. காய்ச்சலோ எரிச்சலோ அடிவயிற்று வலியோ இல்லாததால் ஆன்டிபயாட்டிக் எழுதாமல், தண்ணீர் நன்றாகக் கொடுத்துக் கவனியுங்கள் என்றார். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. வயதான பெண்களின் சிறுநீரில் அறிகுறி இல்லாமலே கிருமி இருப்பது சகஜம். குழப்பத்தையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுபோகும். தூக்க மாத்திரை கணவரின் சட்டைப்பைக்குத் திரும்பியது.

மகள் கேட்ட "அசந்து தூங்கற மாத்திரை" பற்றியும் பேசியாக வேண்டியிருந்தது. மனப்பிறழ்வு நோய்க்கான மருந்துகளைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இந்த மருந்துகள் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் கட்டம்போட்ட எச்சரிக்கை விடுத்தது. சுமார் பத்து வார ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவாக இருந்தால் ஆபத்து இன்னும் கடுமை, உடம்பே விறைத்துப்போய்ப் படுக்கையில் விழலாம். ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வரும் வீடுகள் உண்டு. அப்போது குறைந்த டோஸில், நிறுத்தும் தேதியையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே அந்த நிலை இல்லை.

மூன்றாவது வாரத்துக்குள் மூலையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் போய்விட்டார்கள். கதவருகே நிற்பது குறைந்தது. அம்மா பழையபடி ஆகிவிடவில்லை. ஐந்து மாதம் முன்பு எங்கே இருந்தாரோ அங்கே திரும்பினார். அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

இடது கை

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டுக் கொடுத்திருந்தேன்: அதற்கு முன் என்ன நடந்தது, அம்மா என்ன செய்தார், பிறகு என்ன ஆனது. முதல் சில நாள் குறிப்புகள் எதற்கும் உதவவில்லை. "இன்னைக்கு ரொம்ப கோபம்." "காலைல இருந்தே மூட் சரியில்ல." பணியாளரிடம் சொன்னேன்: "கோபம்னு எழுதாதீங்க. எந்தக் கையால அடிச்சாங்க, உங்க மேல எங்க பட்டுச்சு, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, அதை மட்டும் எழுதுங்க."

அடுத்த வாரத்துக் குறிப்புகளைப் படித்தபோது எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடி எப்போதும் வலது கையால். விழுவது பணியாளரின் முன்கையில். அதற்கு முன் நடந்தது எப்போதும் இடது கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றுவது, அல்லது இடது அக்குளில் சோப்பு போடுவது. கூந்தலை வாரும்போது இல்லை, கால் கழுவும்போது இல்லை. மருத்துவர் பரிசோதித்ததில் இடது தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. கையை முகம் உயரத்துக்கு மேல் தூக்கினாலே உயிர் போகும் வலி.

அம்மாவிடம் "வலிக்குதாம்மா?" என்று நானும் கேட்டேன். "இல்ல" என்றார். இந்தக் கட்டத்தில் அந்தப் பதிலை நம்ப முடியாது. கேள்வி புரிந்து, உடம்பின் எந்த இடம் என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லாக்குவது மூன்று தனி வேலை. அதனால்தான் பேச்சு தடுமாறும் நோயாளிகளிடம் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் பெய்னாட் போன்ற அளவுகோல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நார்வேயின் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. கொந்தளிப்பாக நடந்துகொள்ளும் டிமென்ஷியா நோயாளிகளுக்கு முறைப்படி வலி சிகிச்சை கொடுத்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாரசிட்டமால்தான். எட்டு வாரத்தில் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது.

குளியலறையில் என்ன நடந்தது என்பதை ஒருமுறை முழுதாக நின்று பார்த்தேன். பணியாளர் பின்னால் நின்றார். அம்மாவுக்கு அவர் முகம் தெரியவில்லை. உடை முழுவதையும் ஒரேயடியாகக் கழற்றினார், அறை குளிர்ந்திருந்தது. முதல் தண்ணீர் தலையில் விழுந்தது. அறிவு தெளிவாக உள்ள யாராக இருந்தாலும், பின்னாலிருந்து ஒருவர் நம் உடையை உருவி, வலிக்கும் கையை முறுக்கி, தலையில் தண்ணீர் கொட்டினால் அடிக்கத்தான் செய்வோம். பணியாளர் மீது குறை இல்லை. அவருக்கு யாரும் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, சீக்கிரம் முடித்துவிட்டால் அம்மாவுக்கு நல்லது என்றுதான் அவர் நினைத்தார்.

மாற்றியது இவ்வளவுதான். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால். முன்பக்கம் திறக்கிற, தளர்ந்த உடை. கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது வலிக்கும் கை முதலில். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்துப் பெரிய துண்டால் போர்த்தி, எந்த இடத்தைக் கழுவுகிறோமோ அதை மட்டும் விலக்குவது. கால் பாதத்தில் தொடங்கி மேலே வருவது. தண்ணீரை முதலில் அம்மாவின் விரலில் காட்டி "சூடு போதுமாம்மா?" என்று கேட்பது. தலைக்குத் தனி நாள். இடது அக்குளுக்குக் கையைத் தூக்காமல், உடம்பை அந்தப் பக்கம் சாயவைத்து, கை தானாகத் தொங்கும் இடைவெளியில் ஈரத்துணி. அம்மாவின் கையில் மடிக்க ஒரு சிறு துண்டு கொடுத்தோம். கணக்கு நோட்டைப் புரட்டிய விரல்கள் அதை விளிம்பு விளிம்பாகச் சேர்த்து மடித்துக்கொண்டே இருந்தன. மனநிலை சரியில்லாத நாளில் குளியலே வேண்டாம், படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத்துண்டால் துடைத்துவிடுவது.

இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. பிலிப் ஸ்லோன் குழுவினர் முதியோர் இல்லங்களில் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிக்கேற்ப மாற்றிய குளியலில் அடிதடி 53 சதவீதமும், துண்டுக் குளியலில் 60 சதவீதமும் குறைந்தன. வீட்டில் அதைச் செய்ய இல்லத்தைவிட வசதி அதிகம், ஏனென்றால் வரிசையில் அடுத்த ஆள் காத்திருப்பதில்லை.

மகளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "எங்கம்மா ஒரு நாள் குளிக்காம இருந்து நான் பார்த்ததில்ல. வாரத்துல ரெண்டு நாள்னா எப்படி?" தினமும் முகம், கை, அக்குள், அந்தரங்க உறுப்பு சுத்தமானால் தோலுக்குப் போதும் என்று சொன்னேன். அவர் கேட்டது தோலைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் எதிர்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே குளிப்பாட்டிப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் என்று பேசி முடித்தார். நானும் சரி என்றேன்.

பணமும் சாயங்காலமும்

பணப்பை காணாமல் போவதற்குக் காரணம் எளிது. அம்மாவே அதைப் பத்திரமான இடத்தில் வைக்கிறார். வைத்தது நினைவில்லை. காணவில்லை என்பது மட்டும் தெரிகிறது. இடைவெளியை மூளை நிரப்புகிறது: யாரோ எடுத்திருக்க வேண்டும், வீட்டில் புதிய ஆள் யார்? வாதாடிப் பயனில்லை. "வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்" என்று தொடங்கி, அவரே கண்டெடுக்கும்படி விட வேண்டும். வழக்கமாக ஒளிக்கும் இடங்கள் நான்கைந்துதான் இருந்தன. பட்டியல் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். அதே மாதிரி இன்னொரு பையில் சில்லறையும் ஒரு சின்னக் கணக்கு நோட்டும் போட்டு அவரிடமே கொடுத்தது நன்றாக வேலை செய்தது. மதியத்தில் எண்ணுவார், எழுதுவார். கூட்டல் சில நாள் சரியாகக்கூட வரும்.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பணியாளர். "திருடி" என்று தினமும் கேட்கிற பெண்ணிடம் "நோய்ல பேசறாங்க, பெரிசா எடுத்துக்காத" என்று சொன்னால் போதும் என்று வீட்டார் நினைத்தார்கள். அவர் வேலையை விடும் யோசனையில் இருந்தார். கணவரும் மகளும் அவரை உட்காரவைத்து, "உங்க மேல எங்களுக்குச் சந்தேகம் இல்ல" என்று நேரடியாகச் சொன்னார்கள். நகையும் பணமும் பூட்டி, அவர் கையில் எந்தச் செலவுப் பணமும் இருக்க வேண்டியதில்லை என்று எழுதி வைத்தார்கள். அது அவருக்கான பாதுகாப்பு. வீட்டுப் பராமரிப்பு இடிந்து விழுவது பல நேரம் பணியாளர் சொல்லாமல் நின்றுவிடும் நாளில்தான். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நோய்க் குறிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு, "இதுதாண்டி உன் வீடு, நாப்பது வருஷமா இருக்கோம்" என்று கணவர் ஒவ்வொரு சாயங்காலமும் நிரூபித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துப் பதற்றத்துக்குப் பகல் முழுக்கச் சேர்ந்த அசதியும் உடற்கடிகாரம் குலைவதும் காரணமாகலாம். மங்கும் வெளிச்சமும் உண்டு. இருட்டத் தொடங்கும் முன்பே எல்லா விளக்கையும் போடச் சொன்னோம், ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தையே அந்நியராகக் கண்டதால் திரைச்சீலையை இழுத்தோம். முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, பிறகு பேச்சு. "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கணவர் ஒருநாள் கேட்டதும், அம்மா தன் சின்ன வயதைப் பற்றி ஏதோ சொன்னார். அதன்பிறகு அதுதான் அவர்களுடைய சாயங்காலப் பேச்சு.

இறந்துபோன தன் தாயை அம்மா தேடும்போது என்ன சொல்வது என்பதில் மட்டும் வீட்டில் ஒற்றுமை வரவில்லை. "செத்துட்டாங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அழவைக்கணுமா?" என்பது கணவர். "பொய் சொல்ல எனக்கு வராது" என்பது மகள். பொய்யும் சொல்லாமல் சாவையும் சொல்லாமல், "பாட்டியைப் பத்திச் சொல்லும்மா" என்று பேசவிடலாம் என்பது என் யோசனை. பெரும்பாலும் அது போதும். போதாத நாளில் அவரவர் வழியில் சமாளித்தார்கள்.

பாதுகாப்பு ஏற்பாடுகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: அடுப்புக்கு வால்வுப் பூட்டு, கழிப்பறைக் கதவில் உள்தாழ் நீக்கம், இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோர விளக்கு, வழுக்கும் மிதியடிகள் வெளியே, அம்மாவின் கையில் தொலைபேசி எண் பொறித்த வளையம்.

கணவர்

கணவரை நான் இரண்டாவது நோயாளி என்றே எழுதியிருந்தேன். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள் உண்டு, மொத்தம் 88. அவர் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடைப்பட்ட வரம்பில் இருந்தார். மகள் எதிரில் நிரப்பியதைவிடத் தனியாக நிரப்பியபோது மதிப்பெண் கூடியது. கண்புரை அறுவைச் சிகிச்சையை ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தார். அந்தக் கண்ணோடுதான் இரவில் மாத்திரை எடுத்துக்கொடுத்தார். ஓய்வு எடுங்கள் ஐயா என்றால், "நான் இல்லைன்னா அவ தேடுவா" என்பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி டிமென்ஷியா உள்ள ஒருவருக்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் தினமும் சராசரியாக ஐந்து மணி நேரம் செலவிடுகிறார்கள், நோயின் மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி அவர்களுடைய அந்த உழைப்புதான். இவருக்கு அது இரவு முழுவதும்.

ஓய்வு என்றால் மறுத்தவர் கண் சிகிச்சை என்றதும் ஒத்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகு குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. இரவுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். குடும்பத்தை உட்காரவைத்துப் பேச அது நல்ல சாக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மேன் குழுவினர் நோயாளியின் துணைவர்கள் 406 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. துணைவருக்குத் தனி ஆலோசனை, குடும்பத்தோடு சேர்ந்த ஆலோசனை, ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஆள், இவ்வளவுதான் கொடுத்தார்கள். நோயாளி முதியோர் இல்லம் போவது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருடத்துக்கும் மேல்! அதில் புது மருந்து எதுவும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் மகன்தான் அதிகம் பேசினார், நல்ல இல்லமாகப் பார்க்கலாம் என்று. கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ வந்து பதினைஞ்சு நாள் ராத்திரி பார்த்துட்டுப் பேசுடா" என்று மகள் சொல்ல, அவர் உண்மையாகவே வந்தார். இரண்டாவது இரவே மணி இரண்டுக்கு எனக்குச் செய்தி அனுப்பினார். திரும்பிப் போகும்போது இல்லம் பற்றிப் பேசவில்லை. வாரத்தில் நான்கு இரவுக்குப் பணியாளர் வைக்கும் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் ஓர் இரவு. மிச்சம் இரண்டு கணவருக்கு.

பலிக்காதவையும் உண்டு. காது கேட்கும் கருவியை அம்மா ஒருநாளும் முழுதாக வைத்துக்கொள்ளவில்லை, கழற்றி அந்தப் பணப்பையில் போட்டுவிடுவார். இரவுத் தூக்கம் ஓரளவுக்கு மேல் சரியாகவில்லை. பகலில் வெயிலில் நடத்தியும், மதியத் தூக்கத்தைக் குறைத்தும், மூன்று மணிக்கு எழுவது எழுவதுதான். பார்ப்பவர் மாறி மாறி இருந்ததால் தாங்க முடிந்தது, அவ்வளவே.

அடுத்த கட்டம்

ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் ஒரு சரிவு. இந்த முறை மெதுவாக வந்தது. பேச்சு சில சொற்களுக்குச் சுருங்கியது. நடக்க இருவர் வேண்டும். எடை இறங்கியது, தண்ணீர் குடித்தால் புரையேறியது. முன்பு தேடியதையெல்லாம் மறுபடி தேடினோம்: பல், வாய்ப்புண், வலி, மலம், மருந்துகள், தைராய்டு, மனச்சோர்வு. தட்டின் நிறம்கூட மாற்றினோம். வெள்ளைத் தட்டில் வெளிறிய உணவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அடர்நிறத் தட்டு வைத்ததில் கொஞ்சம் கூடச் சாப்பிட்டார், சில வாரம். திருத்தக்கூடிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. நோய் முற்றியிருக்கிறது என்று அப்போது மருத்துவரும் நாங்களும் சொன்னோம்.

குழாய் போட்டு அதன் வழியாக உணவு செலுத்தலாமா என்று மகன் கேட்டார். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் வழி உணவைப் பரிந்துரைப்பதில்லை என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. குழாய் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. நுரையீரலுக்குள் புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதும் இல்லை, ஏனென்றால் உமிழ்நீர் புரையேறுவதை எந்தக் குழாயாலும் நிறுத்த முடியாது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்ட வேண்டி வரும், படுக்கைப்புண் கூடும். இதையெல்லாம் சொன்ன பிறகு கணவர் கேட்டார்: "அப்ப பட்டினில விடச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. கையால் ஊட்டுவது நிற்காது ஐயா என்றேன். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், விழுங்கியதைத் தொண்டையில் பார்த்து, அவர் விரும்பும் அளவுக்கு ஊட்டுவது. வாயை மூடித் தலையைத் திருப்பினால் அதுதான் அவருடைய பதில், கட்டாயப்படுத்தக்கூடாது. உடம்பு ஓயத் தொடங்கும் கட்டத்தில் பசியும் குறைகிறது, சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை, முற்றுவதால்தான் சாப்பிடுவதில்லை என்று மருத்துவரும் விளக்கினார். முடிவெடுக்க அவர்களுக்குச் சில வாரம் ஆனது. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

இப்போது கோப்பில் உள்ளது இதுதான். குழாய் வழி உணவு வேண்டாம் என்று கணவரும் மகளும் மகனும், பணியாளரும் அறிய, எழுதி வைத்திருக்கிறார்கள். எலும்பு முறிவு அல்லது வீட்டில் அடக்க முடியாத வலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் மருத்துவமனை. நள்ளிரவில் யாரை முதலில் அழைப்பது என்பது தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை படுக்கையில் திருப்பிவிடுவதைப் பணியாளர்கள் நேரம் போட்டுக் குறிக்கிறார்கள். கணவருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் இல்லை. அவர் படுத்துவிட்டால் அந்த இரண்டு இரவை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் இன்னும் பெயர் எழுதப்படவில்லை. மகன் வரும் மாதம் வரும்போது அதைப் பேச வைத்திருக்கிறோம்.